கன்ட்ரி இசையில் முன்னோடிகளுக்கான அஞ்சலிப் பாடல்கள்

கன்ட்ரி இசை என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் தோன்றி, 1920-களில் இசைத்தட்டு, வானொலி ஆகியவற்றின் வழியே நாடெங்கும் பரவிய இசை வகை ஆகும். பிடில், பாஞ்சோ, கிட்டார், ஸ்டீல் கிட்டார் ஆகியவை இதன் முதன்மைக் கருவிகள். இவ்விசையில், மறைந்த பாடகர்களைப் பெயர் சொல்லிப் பாடும் பாடல்கள் ஏராளமாக உள்ளன. ராக், பாப் இசைகளிலும் இத்தகைய பாடல்கள் உண்டு என்றாலும், கன்ட்ரி இசையில் இவை ஒரு தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டன.

தொடக்கத்தில் இப்பாடல்கள் துக்கச் செய்தியைச் சொல்லும் பாடல்களாக இருந்தன. தமிழ் இலக்கணத்தில் கையறுநிலை எனப்படும் துறையோடு இவற்றை ஒப்பிடலாம். 1970-களில் இவற்றின் பணி மாறியது. இறந்தவரின் பெயர் ஓர் அளவுகோலாகி, உயிரோடு இருப்பவர்களை அளக்கப் பயன்பட்டது. இந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால், வெளிப்பார்வைக்கு வெறும் புகழ்ச்சியாகத் தோன்றும் பல பாடல்களுக்குள் ஒரு சண்டை நடப்பது தெரியும்.

ஜிம்மி ராட்ஜர்ஸ்

இவ்வகையின் முதல் நாயகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் (1897–1933). மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரோடு தொடர்புடைய இவர், ரயில் வண்டிகளில் பிரேக் போடும் பணியாளராக இருந்தவர். காசநோயால் அந்த வேலை இயலாமல் போகவே, இசையையே பிழைப்பாகக் கொண்டார். 1927 ஆகஸ்டில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் நடத்திய ஒலிப்பதிவில் அவர் முதன்முறையாகப் பாடினார். கார்ட்டர் குடும்பத்தினரின் முதல் பதிவும் அதே நகரில் அதே வாரத்தில்தான் நடந்தது. யோடல் எனப்படும் முறை, அதாவது இயல்பான குரலிலிருந்து சட்டென்று மெல்லிய உச்சக் குரலுக்குத் தாவிப் பாடும் முறை, ராட்ஜர்சின் அடையாளமாயிற்று. 1933 மே மாதம் நியூயார்க்கில் தம் கடைசிப் பாடல்களைப் பதிவு செய்தபோது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே கட்டிலில் படுத்து ஓய்வெடுக்கும் நிலையில் அவர் இருந்தார். மே 26 அன்று அதே நகரில் இறந்தார். வயது 35.

அவர் இறந்த ஒரு மாதத்துக்குள், பின்னாளில் திரைப்படக் கௌபாயாகப் பெரும் புகழ் பெற்ற ஜீன் ஆட்ரி, ராட்ஜர்சின் மரணத்தைப் பற்றி ஒன்றும் வாழ்க்கையைப் பற்றி ஒன்றுமாக இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார். இவ்வளவு விரைவு ஏன் என்ற கேள்வி எழலாம். ரயில் விபத்து, சுரங்கச் சாவு போன்ற நிகழ்வுகளைச் சுடச்சுடப் பாட்டாக்கி விற்பது அக்கால இசைத்தட்டுத் தொழிலின் வழக்கம். 1925-இல் கென்டக்கிக் குகையொன்றில் சிக்கி இறந்த ஃபிளாய்ட் காலின்சைப் பற்றி வெர்னன் டால்ஹார்ட் பாடிய இசைத்தட்டு பெருமளவில் விற்றது. ராட்ஜர்சின் மறைவும் முதலில் அந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. அதில் துக்கமும் இருந்தது, வியாபாரமும் இருந்தது.

உண்மையான பக்தியோடு வந்தவர் டெக்சாசைச் சேர்ந்த எர்னெஸ்ட் டப். இவர் ராட்ஜர்சை நேரில் கண்டதே இல்லை. சான் அன்டோனியோ நகரில் வாழ்ந்த ராட்ஜர்சின் மனைவி கேரியைத் தேடிச் சென்று அறிமுகம் செய்துகொண்டார். அந்த அம்மையார் இவருக்கு ஒலிப்பதிவு வாய்ப்புப் பெற்றுத் தந்ததோடு, கணவரின் மார்ட்டின் கிட்டாரையும் கொடுத்தார். கழுத்துப் பகுதியில் ராட்ஜர்சின் பெயர் பதிக்கப்பட்ட கிட்டார் அது. பின்புறத்தில் நன்றி என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். பாட்டு முடிந்ததும் கிட்டாரைத் திருப்பிக் காட்டினால் போதும், கூட்டத்துக்கு வணக்கம் சொன்னதாகிவிடும். 1936-இல் டப் பதிவு செய்த முதல் பாடல்களில் இரண்டு ராட்ஜர்சுக்கான அஞ்சலிகளே. அவை விற்கவில்லை. ராட்ஜர்சைப் போலவே யோடல் பாடிக்கொண்டிருந்த டப்புக்கு 1939-இல் தொண்டைச் சதை அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அவரால் யோடல் பாட முடியவில்லை. வேறு வழியின்றித் தம் சொந்தக் குரலில் பாடத் தொடங்கினார்; 1941-இல் வெளியான 'வாக்கிங் தி ஃபுளோர் ஓவர் யூ' அவரைப் பெரும் நட்சத்திரமாக்கியது. குருவைப் போலப் பாட முடியாமல் போன பிறகே சீடருக்குப் பெயர் கிடைத்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ராட்ஜர்சுக்கான அஞ்சலிகளில் மிக விசித்திரமானது அமெரிக்காவில் பிறக்கவில்லை. அவருடைய இசைத்தட்டுகள் பிரித்தானிய ஆட்சியில் இருந்த கென்யாவையும் எட்டின. அங்குள்ள கிப்சிகிஸ் மக்கள் கிராமபோனில் கேட்ட அந்தக் குரலுக்கு உரியவரைச் செமிரோச்சா என்று அழைத்தனர். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயரே அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது. பாதி மனிதனும் பாதி மானுமான ஓர் உருவாக அவரைக் கற்பனை செய்து பாடவும் செய்தனர். 1950-இல் இசை ஆய்வாளர் ஹியூ டிரேசி அப்பாடல்களைப் பதிவு செய்தார். கிப்சிகிஸ் பெண் பிள்ளைகள் பாடும் பதிவு அவற்றுள் புகழ்பெற்றது. எந்த வியாபாரக் கணக்கும் இல்லாத அஞ்சலி அது.

ஹாங்க் வில்லியம்ஸ்

அலபாமா மாநிலத்தில் பிறந்த ஹாங்க் வில்லியம்ஸ் (1923–1953) 29 வயதில் இறந்தவர். 1952 ஆகஸ்டில், குடிப்பழக்கத்தாலும் நிகழ்ச்சிகளுக்கு வராமல் இருந்ததாலும், நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற வானொலி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியிலிருந்து நீக்கப்பட்டார். 1953 புத்தாண்டு நாளில் ஒகையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பாடுவதற்காகக் கடிலாக் காரின் பின்னிருக்கையில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, வழியிலேயே உயிர் பிரிந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் என்னும் சிற்றூரில்தான் அவர் இறந்துவிட்டது தெரியவந்தது.

கேன்டனில் கூட்டம் காத்திருந்தது. மேடையில் மரணச் செய்தி அறிவிக்கப்பட்டபோது பலர் சிரித்தனர். ஹாங்க் வராமல் போவதற்கு இது இன்னொரு சாக்கு என்று நினைத்துவிட்டனர். ஹாக்ஷா ஹாக்கின்சும் மற்றக் கலைஞர்களும் ஹாங்கின் பக்திப் பாடலான 'ஐ சா தி லைட்' பாடத் தொடங்கிய பிறகே செய்தி உண்மை எனக் கூட்டத்துக்குப் புரிந்தது. பின்னர் அவர்களும் சேர்ந்து பாடினர். ஹாங்குக்கான முதல் அஞ்சலி இவ்வாறு அவருடைய பாட்டாலேயே செலுத்தப்பட்டது. ஜனவரி 4 அன்று மான்ட்கோமரி நகரில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். எர்னெஸ்ட் டப், ராய் ஏக்கஃப், ரெட் ஃபோலி ஆகியோர் அங்கே பாடினர்.

அடுத்த சில வாரங்களில் அஞ்சலி இசைத்தட்டுகள் வரிசையாக வெளிவந்தன. அலபாமாவைச் சேர்ந்த ஜாக் கார்ட்வெல் பாடிய 'தி டெத் ஆஃப் ஹாங்க் வில்லியம்ஸ்' பில்போர்ட் இதழின் கன்ட்ரி பட்டியலில் முன்வரிசைக்கு வந்தது. டப், ஜானி அண்ட் ஜாக் இணையர், ஹாக்கின்ஸ் ஆகியோரும் பாடினர். இவற்றில் பெரும்பாலானவை செய்தித்தாள் நடையில் அமைந்தவை: எங்கே இறந்தார், எப்படி அழுதார்கள், சொர்க்கத்தில் இனி யார் பாடுவார். இசை வரலாற்றுக்கு ஆவணம் என்ற அளவில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. பாட்டாக இன்று நிற்பவை குறைவு. (கேன்டன் மேடையில் பாடிய ஹாக்கின்ஸ், பத்தாண்டுகளுக்குப் பின் 1963 மார்ச் 5 அன்று பேட்சி கிளைன், கௌபாய் கோபஸ் ஆகியோருடன் விமான விபத்தில் இறந்தார்.)

அதே 1953-இல் ராட்ஜர்சின் இருபதாம் நினைவு நாளன்று டப்பும் ஹாங்க் ஸ்னோவும் முன்னின்று மெரிடியனில் பெரும் நினைவு விழா எடுத்தனர். 1961-இல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட மூவர் ராட்ஜர்ஸ், ஹாங்க், பாடலாசிரியரும் பதிப்பாளருமான ஃபிரெட் ரோஸ் ஆவர்.

கற்றுக்கொண்டு செலுத்திய அஞ்சலி: மெர்ல் ஹாகர்ட்

கலிபோர்னியாவைச் சேர்ந்த மெர்ல் ஹாகர்ட் வேறு வழியைத் தேர்ந்தார். முன்னோரைப் பற்றிப் பாட்டெழுதுவதைவிட அவர்களுடைய பாட்டையே கற்றுப் பாடுவது அவர் முறை. ஹாகர்ட்டின் தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர்; அவர்கள் குடும்பம் வாழ்ந்ததே பழைய ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றிய இடத்தில். ராட்ஜர்சின் ரயில் பாடல்கள் அவருக்கு அந்நியமானவை அல்ல. 1969-இல் 'சேம் டிரெயின், எ டிஃபரென்ட் டைம்' என்ற இரட்டை இசைத்தட்டில் ராட்ஜர்சின் பாடல்களை, இடையிடையே அவர் வாழ்க்கை பற்றிய பேச்சோடு பதிவு செய்தார்.

அடுத்து பாப் வில்ஸ். பிடிலை முன்னிறுத்தும் மேற்கத்திய நாட்டு இசையையும் ஜாஸ் இசையின் துள்ளலையும் கலந்து 'வெஸ்டர்ன் சுவிங்' எனும் நடன இசையை வளர்த்தவர் இவர். 1970-இல் வில்சுக்கு ஓர் அஞ்சலித் தொகுப்பு வெளியிட விரும்பிய ஹாகர்ட், அதற்காகவே பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டார்; வில்சின் டெக்சாஸ் பிளேபாய்ஸ் குழுவில் இருந்த பழைய கலைஞர்களையும் அழைத்து வந்தார். 1973 டிசம்பரில் டல்லசில் தம் பழைய குழுவோடு வில்ஸ் கடைசியாக ஒலிப்பதிவுக்கு வந்தபோது, அதில் கலந்துகொள்ள ஹாகர்ட்டும் விரைந்தார். ஆனால் முதல் நாள் பதிவு முடிந்த இரவே வில்சுக்குப் பக்கவாதம் ஏற்பட்டு நினைவு தப்பியது. எஞ்சிய பாடல்களை அவர் இல்லாமலேயே பதிவு செய்தனர். 1975 மே 13-இல் வில்ஸ் மறைந்தார்.

1975: அஞ்சலி வாதமாக மாறுகிறது

அந்த ஆண்டில்தான் வேலன் ஜென்னிங்சின் 'டிரீமிங் மை டிரீம்ஸ்' தொகுப்பு வெளிவந்தது. அதன் முதல் பாடல் 'ஆர் யூ ஷுர் ஹாங்க் டன் இட் திஸ் வே'. ஹாங்க் இப்படித்தான் செய்தார் என்பது உறுதியா என்று தலைப்பே கேட்கிறது. பளபளக்கும் உடை, புதுக் கார், ஓயாத சுற்றுப்பயணம், காலங்காலமாக மாறாத ஒரே மெட்டு என நாஷ்வில் இசைத்தொழிலின் வழக்கங்களைப் பார்த்து அலுத்துப்போன ஒருவரின் கேள்வி அது. அந்த ஆண்டு நவம்பரில் இப்பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது.

இப்பாடலில் துக்கம் இல்லை. ஹாங்க் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயரைச் சொல்லித் தம் காலத்து முதலாளிகளைக் கேள்வி கேட்கிறார் ஜென்னிங்ஸ். அக்காலத்தில் நாஷ்வில் நிறுவனங்களே பாட்டையும் வாத்தியக்காரர்களையும் தேர்ந்தெடுத்தன. தம் குழுவோடு, தாம் விரும்பியபடி பதிவு செய்யும் உரிமைக்காக ஜென்னிங்ஸ் பல ஆண்டுகள் போராடியவர். அந்தப் போராட்டத்துக்கு ஹாங்கின் பெயர் கவசமாயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. ஹாங்கின் புகழ்பெற்ற பதிவுகளில் பெரும்பாலும் டிரம் கிடையாது. ஜென்னிங்சின் பாடலோ டிரம்மின் அடியில்தான் நடக்கிறது. அதன் மின்கிட்டார் ஓசை ஹாங்கின் காதுக்குப் புதிதாக இருந்திருக்கும். பளபளப்பான உடைகளைப் பாடல் கேலி செய்கிறது. ஆனால் நூடி கோன் என்ற தையற்கலைஞர் தைத்த அலங்கார உடைகளை ஹாங்க் விரும்பி அணிந்தவர். அவர் இறந்ததும் கடிலாக் காரில்தான். ஆக, பாடலில் வரும் ஹாங்க், ஜென்னிங்சுக்குத் தேவைப்பட்ட ஹாங்க். ஆப்ரியிலிருந்து நீக்கப்பட்டவர், யாருக்கும் பணியாதவர் என்ற பக்கம் மட்டும் முன்னே வைக்கப்படுகிறது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை; அஞ்சலிப் பாடல்கள் பொதுவாக இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் வரலாறாக இவற்றை வாசிப்பவர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அதே தொகுப்பின் கடைசிப் பாடலும் அஞ்சலியே: 'பாப் வில்ஸ் இஸ் ஸ்டில் தி கிங்'. 1974-இல், வில்ஸ் உயிரோடு இருந்தபோதே, டெக்சாசின் ஆஸ்டின் நகர மேடையில் பதிவானது. அப்போது ஆஸ்டினின் செல்லப்பிள்ளை வில்லி நெல்சன். நெல்சனின் நெருங்கிய நண்பரான ஜென்னிங்ஸ், அவருடைய கோட்டையிலேயே நின்று, டெக்சாசின் அரசர் இன்னும் வில்ஸ்தான் என்று பாடினார். கூட்டத்தின் ஆரவாரம் பதிவிலேயே கேட்கிறது.

மகனின் நிலை

முன்னோரின் பெயர் எல்லாருக்கும் கவசமாக இருக்கவில்லை. ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியருக்குத் தந்தை இறந்தபோது வயது மூன்று. எட்டு வயதிலேயே தந்தையின் பாடல்களைப் பாடுவதற்காகத் தாய் ஆட்ரி அவரை மேடையேற்றினார். தந்தையின் வாழ்க்கையைச் சொல்லும் 1964-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பாட்டுக் குரல் கொடுத்தவரும் இச்சிறுவரே. 1966-இல் வெளியான 'ஸ்டேண்டிங் இன் தி ஷேடோஸ்' அந்த நிழலில் நிற்பதைப் பற்றியது. அஞ்சலி அவருக்கு விருப்பமாக இல்லாமல் வேலையாக இருந்தது.

1975 ஆகஸ்டில் மொன்டானா மாநிலத்தில் மலையேறும்போது விழுந்து முகம் சிதைந்து, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் மீண்டார். அதன் பிறகு தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக, ராக் கலந்த சொந்த இசையோடு வந்தார். 1979-இல் வெளியான 'ஃபேமிலி டிரெடிஷன்' தந்தையின் குடியையும் புகழையும் ஒருசேர எடுத்துப் பேசி, ஏன் குடிக்கிறீர்கள் என்று தம்மைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பாட்டு. அதே ஆண்டில் ஜென்னிங்சோடு அவர் பாடிய 'தி கான்வர்சேஷன்', ஹாங்கைப் பற்றி இருவர் உரையாடும் வடிவில் அமைந்தது. ஹாங்கைப் பற்றிய பாடல்களில் ரத்த உறவின் பாரம் தெரிவது இவற்றில்தான்.

ஆவியாக வரும் ஹாங்க்

1980-களுக்குள் ஹாங்க் கதைப் பாத்திரமாகவே மாறிவிட்டார். டேவிட் ஆலன் கோ பாடிய 'தி ரைடு' (1983) பாடலில், மான்ட்கோமரியில் வண்டி கேட்டு நிற்கும் இளம் பாடகனைப் பழைய கடிலாக்கில் வரும் ஒருவர் ஏற்றிக்கொள்கிறார். அவர் யார் என்பது முடிவில் தெரிகிறது. ஆலன் ஜாக்சனின் 'மிட்நைட் இன் மான்ட்கோமரி' (1992) நள்ளிரவில் ஹாங்கின் கல்லறைக்குச் செல்லும் பாடகனைப் பற்றியது. ஜானி கேஷ் 1987-இல் பாடிய 'தி நைட் ஹாங்க் வில்லியம்ஸ் கேம் டு டவுன்' ஆவி ஏதுமின்றி, ஹாங்க் தம் ஊருக்கு வந்து பாடிய ஓர் இரவை நினைவுகூர்கிறது. மூன்றில் மிகை குறைந்ததும் மனத்தில் தங்குவதும் இதுதான் எனலாம்.

யார் நிரப்புவார்?

ஜார்ஜ் ஜோன்ஸ் 1985-இல் பாடிய 'ஹூஸ் கானா ஃபில் தேர் ஷூஸ்' பல முன்னோடிகளை வரிசையாக நினைவுகூர்ந்து, அவர்கள் இடத்தை யார் நிரப்பப் போகிறார்கள் என்று கேட்கிறது. டிராய் சீல்சும் மேக்ஸ் டி. பார்ன்சும் எழுதியது. அப்போது ஜோன்சுக்கு வயது 53. கேள்வி கேட்டவரே நிரப்ப முடியாத இடத்துக்கு உரியவர் என்பதைக் கேட்டவர்கள் உணர்ந்தனர்.

1999-இல் கன்ட்ரி இசைச் சங்க விருது விழாவில் ஜோன்சின் 'சாய்சஸ்' பாடலைச் சுருக்கிப் பாடுமாறு கேட்டபோது அவர் மறுத்து, விழாவுக்கே வரவில்லை. அதே மேடையில் தம் பாடலைப் பாடிக்கொண்டிருந்த ஆலன் ஜாக்சன், நடுவில் அதை நிறுத்திவிட்டு 'சாய்சஸ்' பாடலின் ஒரு பகுதியைப் பாடி இறங்கினார். அடுத்த ஆண்டு ஜாக்சனும் ஜார்ஜ் ஸ்ட்ரெயிட்டும் சேர்ந்து பாடிய 'மர்டர் ஆன் மியூசிக் ரோ' வெளிவந்தது. பழைய கன்ட்ரி இசை நாஷ்வில் தெருவில் கொலை செய்யப்பட்டதாகவும், ஹாங்க் போன்றவர்களுக்கு இன்றைய வானொலியில் இடமே கிடைக்காது என்றும் அப்பாடல் குற்றஞ்சாட்டுகிறது. தனிப்பாடலாக வெளியிடப்படாத நிலையிலும் வானொலி நிலையங்கள் தாமாகவே அதை ஒலிபரப்பின. வானொலியில் அக்காலத்தில் அதிகம் ஒலித்த இருவரே இந்தக் குற்றச்சாட்டைப் பாடினர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பெயரே சொல்லாத அஞ்சலிகளும் உண்டு. 1973-இல் 26 வயதில் இறந்த கிராம் பார்சன்சை எண்ணி எம்மிலூ ஹாரிஸ் எழுதிய 'போல்டர் டு பர்மிங்ஹாம்' (1975) அத்தகையது. வின்ஸ் கில் 1989-இல் கீத் விட்லியின் மறைவை ஒட்டி எழுதத் தொடங்கி, தம் அண்ணன் இறந்த பிறகு முடித்த 'கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மௌன்டன்' இன்னொன்று. 2013 மே மாதம் ஜார்ஜ் ஜோன்சின் இறுதி நிகழ்ச்சியில் இதைப் பாடிய கில், குரல் உடைந்து பாட முடியாமல் நின்றார். உடன் பாடிய பேட்டி லவ்லெஸ் பாட்டைத் தாங்கிச் செல்ல, அவர் கிட்டாரை மட்டும் வாசித்தார்.

பாடப்படாதவர்கள்

இப்பாடல்களில் வரும் பெயர்களை எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் வெள்ளை ஆண்களின் பெயர்களே இருக்கும். பேட்சி கிளைனுக்கு லொரெட்டா லின் 1977-இல் 'ஐ ரிமெம்பர் பேட்சி' தொகுப்பைக் காணிக்கையாக்கினார். தமக்குத் தொடக்கத்தில் கைகொடுத்த தோழியின் பெயரை அவர் தம் மகளுக்கும் வைத்தார். ஆனால் பெண் பாடகர்களை முன்னோடிகளாக வரிசைப்படுத்திப் பாடும் பழைய பாடல்கள் அரிது.

கறுப்பினக் கலைஞர்களின் நிலை இதைவிட மோசம். 1930-இல் ராட்ஜர்ஸ் பதிவு செய்த 'புளூ யோடல் எண் 9' பாடலில் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங்; பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில். இசைத்தட்டின் மீது இருவர் பெயரும் அச்சிடப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970-இல் ஜானி கேஷ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆம்ஸ்ட்ராங்கை அழைத்து, அதே பாடலை அவரோடு சேர்ந்து பாடினார்.

சிறுவன் ஹாங்குக்கு அலபாமாவின் சிற்றூர்த் தெருக்களில் கிட்டார் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ஊரார் அவரை டீ டாட் என்று அழைத்தனர். தாம் பெற்ற இசைப் பயிற்சி அவரிடமிருந்து வந்ததுதான் என்று ஹாங்கே பேட்டியில் கூறியுள்ளார். பெய்ன் 1939-இல் மான்ட்கோமரியில் இறந்தார்; ஒலிப்பதிவு எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. ஹாங்கின் கல்லறையைப் பற்றிப் பாட்டுகள் குவிந்த அதே நகரில் அவருடைய ஆசிரியர் பெயர்ப்பலகை இல்லாத குழியில் நெடுங்காலம் கிடந்தார். ஹாங்க் ஜூனியர் தம் 'அல்மேரியா கிளப்' தொகுப்பில் 'தி டீ டாட் சாங்' என்ற பாடலைச் சேர்த்தது 2002-இல். தந்தை இறந்து அப்போது 49 ஆண்டுகள், தந்தையின் ஆசிரியர் இறந்து 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.